இறைக்காத கிணறும் எழுதாத அச்சுப்பொறியும்

“இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்” என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்துக் கிணற்றைக் கண்டு சொல்லப்பட்ட இவ்வாக்கு, வெள்ளவத்தை மாடி வீட்டின் மூலையிலே துணி போர்த்து வைக்கப்பட்டிருக்கும் ஓர் இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்துகின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் மைத்தாரை அச்சுப்பொறியையே நாம் இங்கு கருதுகின்றோம். நம் இல்லத்துப் பிள்ளைகள் அதனைப் பிறின்ரர் என்று வழங்குவர்.

ஒரு காலத்தில் காரியாலயங்களிலும் அச்சுக்கூடங்களிலும் மாத்திரமே அச்சுப்பொறியைக் காணலாம். இன்றோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் பலவற்றில் அஃது இடம்பெற்றுவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களைத் தொலைபேசி வழியாக அனுப்பலாயினர். சிறு திரையில் வாசித்துக் கண் நொந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பலர் சிரமப்பட்டு ஓர் அச்சுப்பொறியை வாங்கிக் கொடுத்தனர். பாடசாலைகள் மீண்டும் திறந்தன; இயந்திரத்தின் வேலை குறைந்தது. அன்று முதல் அது மாதக்கணக்கில் உறங்குகின்றது. பரீட்சை நெருங்கும்போது மாத்திரம் தட்டி எழுப்பப்படுகின்றது.

எழுப்பியவுடன் நிகழ்வது யாது? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலிருந்து கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் பிள்ளை இறக்கி எடுக்கின்றான். அச்சிட்டால், எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. புவியியற் படத்திலே நதி மறைந்துபோகின்றது. கணித வினாவிலே கழித்தற் குறி காணாமற் போகின்றது. தந்தையார் வந்து துப்புரவுப் பொத்தானை ஒருமுறை அழுத்துகின்றார், பயனில்லை, பத்துமுறை அழுத்துகின்றார். மை தீர்ந்துவிடுகின்றதேயன்றிக் கோடுகள் தீர்ந்தபாடில்லை. “பழுதாகிவிட்டது” என்ற தீர்ப்போடு, நன்னிலையிலுள்ள இயந்திரம் குப்பைக்குப் போகின்றது.

இந்த நட்டம் சிறிதன்று. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதையும், கடதாசித் தட்டுப்பாட்டினால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதையும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். மையும் இயந்திரமும் பிற நாட்டிலிருந்து வருபவை. ஆகவே அவற்றைக் காப்பாற்றும் உபாயத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும். அவ்வுபாயம் கடினமானதன்று. அதற்கு வேண்டியது பலமன்று. பொறுமையும் சிறிது நீருமே.

மயிரிழையிலும் நுண்ணிய துளைகள்

வைத்தியத்துக்கு முன் உடலமைப்பை அறிதல் நன்று. அச்சுப்பொறியின் உள்ளே இடமும் வலமுமாக ஓடும் பகுதியை அச்சுத்தலை என்பர். அதன் அடிப்புறத்தில் மை வெளிவரும் துளைகள் வரிசை வரிசையாக உள்ளன. இவற்றையே நொசில் என்கின்றனர். நாம் மைத்துளை என்போம். ஒரு துளையின் விட்டம் ஒரு மில்லி மீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. எப்சன் எல் 3110 என்னும் இயந்திரத்தில் கறுப்புக்கு 180 துளைகளும், ஏனைய மூன்று நிறங்களுக்கும் தலைக்கு 59 துளைகளுமாக மொத்தம் 357 துளைகள் இருக்கின்றன.

அத்துளைகளிலிருந்து வரும் துளியின் அளவைச் சொன்னால் மாணவர்கள் நம்பத் தயங்குவர். மூன்று பிக்கோ லீற்றர் அளவான துளி எனக் கொள்வோம். ஒரு மில்லி லீற்றரில் நூறு கோடி பிக்கோ லீற்றர் உண்டு. எனவே, ஒரு மில்லி லீற்றர் மையிலிருந்து 33 கோடிக்கும் மேற்பட்ட துளிகள் பிறக்கும். இத்துணை நுண்ணிய வாயில் ஒரு தூசு போதும், உலர்ந்த மையின் ஒரு மெல்லிய ஏடு போதும், வழி அடைபட்டுவிடும்.

துளியை வெளியே தள்ளும் முறைகள் இரண்டு. முதலாவது வெப்ப முறை. துளையின் அருகேயுள்ள சிறு சூடாக்கி, ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்குள் 300 பாகை சென்ரிகிறேட் அளவுக்குச் சூடேறுகின்றது. அதனைத் தொட்டு நிற்கும் மை ஆவிக் குமிழியாகின்றது. குமிழி தள்ள, துளி பாய்கின்றது. 1977ஆம் ஆண்டில் ஜப்பானிய கெனன் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, சூடான பற்றாசுக்கோல் மை நிறைந்த ஊசிக்குழாயைத் தற்செயலாகத் தொட்டபோது மை பீறிட்டதைக் கண்டார் என்றும், அதிலிருந்தே இம்முறை தோன்றிற்று என்றும் அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலே எச்.பி. நிறுவனத்தாரும் இவ்வழியைக் கண்டறிந்தனர். 1984இல் அவர்கள் வெளியிட்ட திங்ஜெற் என்னும் அச்சுப்பொறியில் இருந்த துளைகள் பன்னிரண்டே.

இரண்டாவது அழுத்த முறை. சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்பதைப் பிரான்சிலே கியூரி சகோதரர் இருவர் 1880இல் கண்டனர். அதன் மறுதலையாக, அப்பொருளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது நெளியும். நெளியும்போது பக்கத்திலுள்ள மையறையை அழுத்தித் துளியைத் தள்ளும். எப்சன், பிறதர் நிறுவனங்களின் இயந்திரங்கள் இம்முறையைச் சார்ந்தவை. இங்கே மை கொதிப்பதில்லை.

இந்த வேறுபாடு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. எச்.பி., கெனன் நிறுவனங்களின் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அச்சுத்தலை மைப்பேழையோடு சேர்ந்தே இருக்கும். பேழையைக் கழற்றினால் தலை கைக்கு வரும். புதிய பேழை மாட்டினால் தலையும் புதிதாகும். எப்சன் வகையிலோ தலை இயந்திரத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அது கெட்டால் இயந்திரமே கெட்டதற்கு ஒப்பாகும். எப்சன் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் முதன்முதலாக விற்பனைக்கு விட்ட மைத்தாங்கி இயந்திரங்களும் இத்தகையனவே. புட்டியிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் இவ்வகை, சிக்கனம் கருதி இன்று நம் வீடுகளில் பெருகியுள்ளது. ஆகவே தம் வீட்டு இயந்திரம் எவ்வகை என்பதை முதலில் ஒவ்வொருவரும் அறிந்துகொள்க.

அடைப்பு ஏற்படுவது ஏன்?

அச்சுமையில் பெரும்பகுதி நீர். அதனோடு நிறமும், விரைவில் உலராமற் காக்கும் கிளிசரின் போன்ற பொருள்களும் கலந்திருக்கும். நீர் ஆவியாகிவிட்டால் எஞ்சுவது பசையே. மையிலும் இரு சாதி உண்டு. சாய மை, சீனி நீரிற் கரைவது போலக் கரைந்து நிற்பது. உலர்ந்தாலும் நீர் பட்டால் பெரும்பாலும் மீண்டும் கரையும். நிறத்துகள் மை, கரையாத நுண்துகள்கள் மிதப்பது. உலர்ந்தால் இறுகும், எளிதிற் கரையாது. பல இயந்திரங்களில் வண்ணங்கள் சாய மையாகவும், கறுப்பு மாத்திரம் நிறத்துகள் மையாகவும் இருப்பதனால், கறுப்பே பிடிவாதமாக அடைத்துக்கொள்வதைக் காண்கின்றோம்.

இயந்திரம் ஓய்வு கொள்ளும்போது அச்சுத்தலை ஒரு பக்கமாகச் சென்று, இறப்பர் விளிம்புடைய ஒரு சிறு மூடியின் மேல் அமர்கின்றது. பேனாவுக்கு மூடி எப்படியோ, அச்சுத்தலைக்கு இது அப்படி. நம் வீடுகளிலே மின்சாரச் சிக்கனம் கருதிச் சுவரிலுள்ள ஆளியைச் சடுதியாக நிறுத்தும் வழக்கம் உண்டு. அச்சடிக்கும் இடையில் அவ்வாறு நிறுத்தினால் தலை மூடியை அடையாமல் நடுவழியிற் காற்றுப்பட நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எத்தனை அச்சுத்தலைகள் இவ்வாறு திறந்த வாயோடு உலர்ந்தனவோ! ஆகவே இயந்திரத்திலுள்ள பொத்தானையே முதலில் அழுத்துக. தலை தன் இடத்தில் அமர்ந்து, விளக்கு அணைந்த பின்னரே சுவர் ஆளியை நிறுத்துக. எதிர்பாராமல் மின்சாரம் போய்விட்டால், அது வந்ததும் இயந்திரத்தை ஒருமுறை இயக்கி, முறைப்படி நிறுத்திவிடுதல் போதுமானது.

கொழும்பின் காற்று ஈரமானது. எனவே வரண்ட நாடுகளிற் போல மை இங்கு விரைவில் உலர்வதில்லை. ஆயினும் குளிரூட்டிய அறையிலும், இரவு பகலாகச் சுழலும் மின்விசிறியின் நேர்கீழும், யன்னல் வெயிலிலும் வைத்த இயந்திரத்துக்கு அந்த நன்மை கிட்டுவதில்லை. காலி வீதி, ஜெம்பட்டா வீதி போன்ற வாகன நெரிசல் மிக்க தெருக்களை அடுத்த வீடுகளில் நுண்புழுதியும் சேர்கின்றது. கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை வீடுகளில் உப்புக்காற்று உலோகப் பகுதிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். அறையின் உட்புறத்தில், வெயிலும் காற்றும் நேரே படாத இடத்தில், மெல்லிய உறையிட்டு வைப்பதே முறை.

முதலில் நோயை அறிக

மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு கண்டதும் துப்புரவுப் பொத்தானை நாடுதல் தவறு. முதலாவதாக, மைத்தாங்கியில் மை இருக்கின்றதா என்று கண்ணாற் பாருங்கள். திரையில் தோன்றும் கணக்கை மாத்திரம் நம்பற்க. இரண்டாவதாக, மைத்துளைச் சோதனைத் தாளை அச்சிடுங்கள். கணினியில் அச்சுப்பொறியின் பராமரிப்புப் பகுதியில் நொசில் செக் என்ற பெயரில் இச்சோதனை இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டுப் போன்ற கோடுகள் அச்சாகும். கோடு அறுந்த இடம் அடைபட்ட துளையைக் குறிக்கும். மஞ்சள் நிறம் வெள்ளைக் கடதாசியிற் புலப்படாவிடின், நீல நிறக் கண்ணாடித்தாளின் ஊடாக நோக்குக. மஞ்சள் கருமையாகத் தெரியும். மஞ்சட் பொருள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பதை விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் எளிதில் உணர்வர்.

மூன்றாவதாக, சோதனைத் தாளை இரண்டுமுறை எடுத்து ஒப்பிடுக. அறுபட்ட இடங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் உலர்ந்த மையின் அடைப்பு எனக் கொள்ளலாம். ஒருமுறை ஓரிடத்திலும் மறுமுறை வேறிடத்திலும் அறுந்தால், மைக்குழாயிலே காற்றுக் குமிழி புகுந்திருக்கின்றது என்று ஊகிக்கலாம். காற்றுக்கு மருந்து கழுவுதலன்று, ஓய்வு. ஓர் இரவு இயந்திரத்தைச் சும்மா விட்டால் குமிழி அடங்கிவிடுவதுண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் மையை வீணாக்குகின்றனர்.

பொத்தான் வைத்தியத்தின் எல்லை

அடைப்பே என்று தெளிந்தால், இயந்திரத்தின் தானியங்கித் துப்புரவை ஒருமுறை இயக்குக. முடிந்ததும் மீண்டும் சோதனைத் தாள் எடுக்க. சிறிதேனும் முன்னேற்றம் தெரிந்தால் இரண்டாம் முறை, மீறினால் மூன்றாம் முறை. அதற்கு மேல் வேண்டாம். இயந்திரத்தை முறைப்படி நிறுத்தி, பன்னிரண்டு மணித்தியாலம் தொடாமல் விடுக. எப்சன் நிறுவனத்தார் தம் மைத்தாங்கி இயந்திரங்கள் பலவற்றின் கைந்நூலிற் கூறுவதும் இதுவே. இவ்விடைவேளையில் துளைக்குள் வந்து நிற்கும் புது மை, உலர்ந்த மையை மெல்ல மெல்ல இளக்குகின்றது. இரவில் மூன்றுமுறை கழுவியும் மசியாத அடைப்பு, காலையில் ஒரே கழுவலில் திறப்பது இதனாலேதான்.

எல்லை ஏன் என்றால், துப்புரவின்போது மை துளை வழியே உறிஞ்சி எடுக்கப்படுகின்றது. அந்த மை எங்கே போகின்றது? இயந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சு ஒன்றில் ஊறுகின்றது. அப்பஞ்சு நிரம்பிவிட்டதென்று இயந்திரத்தின் உட்கணக்கு காட்டும் நாளில், அது வேலைநிறுத்தம் செய்துவிடும்; பஞ்சை மாற்றினாலன்றி இயங்காது. ஆகவே வீணாக அழுத்தும் ஒவ்வோர் அழுத்தமும் மைக்கு நட்டம். இயந்திரத்தின் ஆயுளுக்கும் நட்டம். 65 மில்லி லீற்றர் கறுப்பு மைப் புட்டி ஒன்று ஏறத்தாழ 4500 பக்கங்களுக்குப் போதும் என்பது எல் 3110 இயந்திரத்துக்கு அதன் உற்பத்தியாளர் தரும் கணக்கு. அத்தகைய செல்வத்தைப் பஞ்சுக்கு ஊட்டுவதில் என்ன பயன்?

சில இயந்திரங்களிற் கடுந்துப்புரவு என ஒன்று உண்டு. குழாய் முழுவதிலுமுள்ள மையை அது வெளியேற்றிவிடும். தாங்கியில் மூன்றில் ஒரு பங்கேனும் மை இல்லாதபோது அதனை இயக்கினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, முன்னையதிலும் பெரிய தொல்லை நேரும். அதனை இறுதி ஆயுதமாகவே கொள்க.

நீர் வைத்தியம்

பொத்தானுக்கு மசியாத அடைப்புக்கு நீரே மருந்து. ஊற்றுப்பேனா காலத்தவர் இதனை நன்கு அறிவர். எழுத மறுத்த பேனாவின் கூரை இளஞ்சூட்டு நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையிற் கழுவி எழுதிய தலைமுறை அல்லவா அது? இங்கும் அதே முறைதான். நுணுக்கம் மாத்திரமே அதிகம்.

வேண்டிய பொருள்கள்: காய்ச்சி வடித்த நீர், நூல் உதிராத சுத்தமான துணி அல்லது சமையலறைக் கடதாசித் துவாய், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய பத்திரிகைத் தாள்கள். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் உலர்ந்து துளையில் மீண்டும் படியும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரையும் பயன்படுத்தலாம். ஆனால் பற்றரி அமிலமும் அதே கடையில் விற்கப்படுவதுண்டு. ஆதலால் புட்டியின் சீட்டை வாசித்து, வடிநீர்தானா என்று உறுதி செய்த பின்னரே வாங்குக.

தலையோடு கூடிய மைப்பேழை என்றால் வேலை எளிது. பேழையைக் கழற்றி, துளைத்தகடு கீழ்நோக்க வைத்துக்கொள்க. நீரைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் நனைத்துப் பிழிந்த துணியை மேசைமேல் நாலாக மடித்து விரித்து, அதன்மேல் துளைத்தகட்டை மெல்ல ஒற்றி ஒரு நிமிடம் பிடிக்க. தேய்த்தல் ஆகாது. எடுத்துப் பார்த்தால் துணியில் மை பதிந்திருக்கும். வண்ணப் பேழையில் மூன்று நிறமும் தனித்தனியே பதிந்தால் வழி திறந்தது என்று பொருள். பதியாவிடின், ஒரு தட்டிலே இரண்டு மூன்று மில்லி மீற்றர் உயரத்துக்கு இளஞ்சூட்டு நீர் விட்டு, துளைத்தகடு மாத்திரம் நனையுமாறு ஐந்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஒற்றுக. பேழையின் பக்கத்திலுள்ள செப்பு நிற மின்தொடுகைகளில் நீர் படலாகாது. பட்டால் முற்றாக உலர்த்திய பின்னரே மாட்டுக.

தலை இயந்திரத்தோடு நிலைத்திருப்பின் நாம் தலையிடம் போக வேண்டும். இயந்திரத்தை இயக்கி, தலை மூடியை விட்டு நடுவே வரும்போது மின்செருகியைக் கழற்றிவிடுக. செருகி கழன்ற பின்னரே கையை உள்ளே விடுதல் வேண்டும். இதில் யாதொரு விலக்கும் இல்லை. இப்போது தலையைக் கையால் மெல்ல நகர்த்தலாம். அது அமரும் மூடியின் இறப்பர் விளிம்பை நனைத்த பஞ்சுக்குச்சியாற் சுற்றித் துடையுங்கள். விளிம்பில் மை தடித்திருந்தால் மூடி சரிவரப் பொருந்தாது. துப்புரவு எத்தனை முறை இயக்கினும் உறிஞ்சல் பிடிக்காது. பொத்தான் வைத்தியம் பலிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் மூடியினுள்ளே உள்ள சிறு பஞ்சில் ஐந்தாறு துளி வடிநீர் விடுக. செருகியை மாட்டி இயந்திரத்தை இயக்கினால் தலை தானே வந்து அதன்மேல் அமரும். முறைப்படி நிறுத்திவிட்டு உறங்கச் செல்லுக. இரவு முழுவதும் ஈரம் தன் வேலையைச் செய்யும். காலையில் ஒருமுறை துப்புரவு; ஒருமுறை சோதனைத் தாள். முன்னேற்றம் தெரிந்தால் அடுத்த இரவும் அவ்வாறே செய்க. இரண்டு மூன்று இரவுகளில் பெரும்பாலான அடைப்புகள் திறந்துவிடும்.

ஆகாதன ஆறு

ஊசியோ குண்டூசியோ கொண்டு துளையைக் குத்தாதீர்கள். துளையிலும் ஊசி பன்மடங்கு பெரியது. கொதிநீர் விடாதீர்கள், பசையால் ஒட்டிய பகுதிகள் பிரியும். நகப்பூச்சை அகற்றும் அசற்றோன் திரவத்தை அருகிலும் கொண்டுவராதீர்கள். அது பிளாஸ்திக்கைக் கரைக்கும். ஊசிக்குழாயினால் நீரைப் பலமாகப் பீய்ச்சாதீர்கள். உள்ளிருக்கும் மென்மையான அறைகள் உடைபடும். மயிருலர்த்தியின் வெங்காற்றைக் காட்டாதீர்கள். இருக்கும் ஈரமும் போய்விடும். அடைப்பு இருக்கும்போதே பக்கம் பக்கமாக அச்சிட்டுக்கொண்டிராதீர்கள். வெப்ப முறை இயந்திரத்தில் மை வராத துளையின் சூடாக்கி வெறுமனே சூடேறி எரிந்துபோகும். பின்னர் எந்த நீரும் அதனை உயிர்ப்பிக்காது.

நாளை பரீட்சை என்றால்?

இரவு முழுவதும் ஊறவிட அவகாசமில்லை. வினாத்தாள் இன்றே வேண்டும். என் செய்வது? கறுப்பு மாத்திரம் அடைபட்டு, வண்ணங்கள் நன்றாக இருந்தால் ஓர் உபாயம் உண்டு. எழுத்தின் நிறத்தைக் கருநீலமாக மாற்றி அச்சிடுக. கறுப்பு நிறத்துகள் மையும் வண்ணச் சாய மையும் உள்ள இயந்திரங்கள் பலவற்றில், கடதாசி வகையைப் புகைப்படத்தாள் என்று தெரிவு செய்தால், இயந்திரம் வண்ண மைகளைக் கலந்தே கறுப்பை ஆக்கிக்கொள்ளும். பக்கம் சற்று மங்கலாகும், ஆயினும் வாசிக்கலாம். எல்லா நிறங்களும் அடைபட்டிருந்தால் மனத்தை உழற்றிக்கொள்ளாது, வேண்டிய பக்கங்களை மாத்திரம் பென் டிறைவிற் கொண்டுசென்று தெருமுனையிலுள்ள போட்டோப்பிரதிக் கடையில் எடுத்துக்கொள்க. பரீட்சைக்கு முந்திய இரவு பிள்ளையின் படிப்புக்கு உரியது. இயந்திரச் சிகிச்சைக்கு உரியதன்று. ஐந்து பக்கத்துக்காக ஐந்து மணித்தியாலத்தை இழப்பது சிக்கனமாகாது.

கைவிட வேண்டிய இடத்தையும் அறிந்திருத்தல் நன்று. மூன்று இரவுகள் ஊறவிட்டும் ஒரே துளைகள் அசையாமல் இருந்தால், அடைப்போடு வேறு பழுதும் இருக்கலாம். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலும் பிற இடங்களிலுமுள்ள திருத்துநரிடம் காட்டுக. திருத்தக் கூலியை முன்கூட்டியே கேட்டு, புதிய பேழையின் அல்லது புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்க. கழிக்க நேரிட்டாலும் சமையற் குப்பையோடு சேர்க்கற்க. மின்கழிவு சேகரிப்போரிடமே ஒப்படைத்தல் குடிமக்கள் கடமை.

கிழமைக்கு ஒரு பக்கம்

இவ்வளவு வைத்தியத்தையும் வேண்டாததாக்கும் வழி ஒன்று உண்டு. கிழமைக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கம் அச்சிடுக. எல்லா நிறங்களும் அதில் இருத்தல் வேண்டும். கறுப்பில் மாத்திரம் அச்சிட்டால் ஏனைய மூன்றும் உலர இடமுண்டு. அச்சிடப் பொருள் இல்லையெனில் சோதனைத் தாளே போதும். அதற்குச் செலவாகும் மை மிகச் சொற்பம். பழைய பயிற்சித்தாளின் பின்புறத்தையே அதற்குப் பயன்படுத்தலாம். அவ்வாறு செய்தால் கடதாசிச் செலவும் இல்லை.

இந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள பிள்ளை ஒருவரிடம் ஒப்படைப்பது சிறந்தது என்பது நம் கருத்து. சனிக்கிழமை காலையில் பூச்செடிக்கு நீர் விடுவது போல, இதுவும் ஒரு கடமையாகட்டும். சோதனைத் தாளில் திகதியிட்டு ஒரு கோவையிற் சேர்த்து வருவாராயின், எந்த நிறம் எப்போது நலிந்தது என்பது தெளிவாகும். பார்த்தல், பதிதல், ஒப்பிடுதல், காரணம் தேடல் என்னும் விஞ்ஞான முறை இதுவே. செய்முறைப் பரீட்சைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு வேண்டுமோ?

பொருளை வாங்கும்போது காட்டும் ஆவலிற் பாதியை அதனைப் பேணுவதிலும் நாம் காட்டுவோமாயின், நம் இல்லங்களிற் பல பொருள்கள் இருமடங்கு காலம் உழைக்கும். வாசகர்கள் இன்றே தம் வீட்டு அச்சுப்பொறியின் உறையை நீக்கி, ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்ப்பார்களாக. கோடுகள் அறாமல் இருந்தால் மகிழ்ச்சி. அறுந்திருந்தாலும் கவலையில்லை; பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கின்றது, ஒரு புட்டி வடிநீரும் கடையில் இருக்கின்றது.